ஒரே கையேட்டை மூன்று இடத்தில் எழுதாமல் இருக்க எந்த மென்பொருள்?

கோவையில் பம்பு செட் தயாரிக்கும் சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள். 6 மாடல்களுக்குக் கையேடு போடும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. ஆங்கிலத்தை நீங்கள் வேர்டில் எழுதுகிறீர்கள். அச்சகத்தில் அதைக் கோரல்டிராவில் மறுபடி அடுக்குகிறார்கள், தமிழை அங்கேயே ஒருவர் டைப் செய்கிறார். இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவர் அதே விஷயத்தைத் தன் பங்குக்கு வெட்டி ஒட்டுகிறார். அடுத்த ஆண்டு இந்தியும் வேண்டுமாம். "ஃபிரேம்மேக்கர் வாங்கலாமா, இன்டிசைன் கற்றுக்கொள்ளலாமா, எல்லாவற்றையும் வேர்ட்பிரஸில் போட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் இருப்பவை மென்பொருள் பெயர்கள். ஆனால் உங்கள் கஷ்டம் வேறு: ஓர் எண் மாறினால் அதை எத்தனை இடத்தில் மாற்றுவது, ஓரிடத்தில் விட்டுப்போனால் யார் கண்டுபிடிப்பது? அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். மென்பொருளின் பெயர் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

நான் 1998-இல் ஒரு டிடிபி சென்டரில் பேஜ்மேக்கர் முன்னால் உட்கார்ந்து தொழிலைத் தொடங்கியவன். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயந்திரங்களுக்கும் மென்பொருள்களுக்கும் கையேடு எழுதி வருகிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்திலும் உங்களுடைய ஏற்பாடேதான். 5 ஹெச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார் ஒன்றுக்கு ஓவர்லோட் ரிலேயை (சுமை கூடினால் மோட்டாரை நிறுத்திக் காப்பாற்றும் கருவி) 9.5 ஆம்பியரில் வைக்கச் சொல்லிக் கையேட்டில் இருந்தது. தவறு தெரிந்ததும் வேர்டு கோப்பில் 7.5 என்று திருத்தினேன். அச்சகத்துக்கும் சொன்னேன், அவர்கள் ஆங்கிலப் பக்கத்தைத் திருத்தினார்கள். தமிழ்ப் பக்கத்தில் இருந்த அட்டவணையை யாரும் தொடவில்லை. அதைப் படித்து செட் செய்த மெக்கானிக்குக்கு ஆங்கிலம் வராது. மோட்டார் ஓவர்லோடில் ஓடியபோது ரிலே டிரிப் ஆகவே இல்லை, வைண்டிங் எரிந்துபோனது. ஒரு விவசாயி நடு கோடையில் நான்கு நாள் தண்ணீர் இல்லாமல் நின்றார். அன்றிலிருந்து ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை: ஒரு தகவல் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும். அச்சு, இணையம், தமிழ், ஆங்கிலம் எல்லாம் அந்த ஓரிடத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் புதுமை எதுவும் இல்லை. எழுதியது என்ன, அது எப்படித் தோன்ற வேண்டும் என்ற இரண்டையும் பிரித்து வைப்பதற்காகவே எஸ்ஜிஎம்எல் என்ற குறியீட்டு முறை 1986-இல் ஐஎஸ்ஓ தரமாக வந்தது. இணையப் பக்கங்களின் எச்டிஎம்எல் அந்த வழியில் வந்ததுதான். 1996-இல் வந்த சிஎஸ்எஸ், தோற்றத்தைத் தனிக் கோப்பில் எழுத வைத்தது. "இது எச்சரிக்கை", "இது செய்முறையின் 3-ஆம் படி" என்று மூலத்தில் குறித்துவிட்டால் போதும். எச்சரிக்கைக்குச் சிவப்புக் கட்டம் போடுவதா, கறுப்புக் கட்டம் போடுவதா என்பதை அச்சுக்கு ஒரு தோற்றக் கோப்பும் இணையத்துக்கு இன்னொன்றும் முடிவு செய்துகொள்ளும். உங்கள் அச்சகத்தின் கோரல்டிரா கோப்பில் இது நடப்பதில்லை. அங்கே எச்சரிக்கை என்று எதுவும் கிடையாது, 14 பாயின்ட்டில் தடித்த எழுத்து மட்டும்தான் உண்டு.

நீங்கள் சொன்ன பெயர்களுக்கு வருகிறேன். ஃபிரேம்மேக்கர் பெரிய கையேடுகளுக்கென்றே பிறந்தது. 1980-களில் வந்தது, 1995-இல் அடோபி வாங்கியது, இப்போது விண்டோஸில் மட்டும் ஓடுகிறது. ஆயிரம் பக்கம், நூறு அத்தியாயம், ஒரே உரையில் மாடலுக்கு மாடல் மாறும் பகுதிகள் என்றால் அது அசையாமல் நிற்கும். உங்கள் 6 மாடலுக்கு அது தேவையில்லை. சந்தா கட்டிவிட்டு உங்களைத் தவிர அலுவலகத்தில் யாருக்கும் திறக்கத் தெரியாத கோப்புகளை வைத்திருக்கப் போகிறீர்கள். இன்டிசைன் பக்கத்தை அழகாக அடுக்கும் கருவி. விளம்பர மடிப்புத் தாள், அட்டை, பட்டியல் புத்தகம் எல்லாவற்றுக்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் மூலத்தை அதற்குள் வைக்காதீர்கள். இணையதளம் நடத்தும் கருவியான வேர்ட்பிரஸ் டீலர் பட்டியலுக்கும் செய்திகளுக்கும் போதும். கையேட்டின் மூலம் அங்கே இருந்தால் அச்சுக்கு மறுபடி வெட்டி ஒட்டும் கதைதான். டிடா என்ற முறையையும் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். ஐபிஎம்மில் உருவாகி 2005-இல், தரங்களை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பின் தரமானது. நூற்றுக்கணக்கான பொருள்களும் பத்துப் பதினைந்து எழுத்தாளர்களும் இருக்கும் இடத்துக்கு ஏற்றது. அதை முழுதாக எடுக்க வேண்டாம், அதன் ஒரு பழக்கத்தை மட்டும் இரவல் வாங்குங்கள்: விளக்கம் ஒரு துண்டு, செய்முறை ஒரு துண்டு, விவரப் பட்டியல் ஒரு துண்டு, மூன்றையும் ஒரே பத்தியில் கலக்கக் கூடாது. வயலில் நிற்கும் மெக்கானிக் செய்முறையைத் தேடும்போது, மையவிலக்கு விசை பற்றிய விளக்கம் குறுக்கே வராமல் இருப்பதே அவருக்குச் செய்யும் பெரிய உதவி.

வேர்டை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஒரே மாடல், ஒரே மொழி, எழுதுவது ஒருவர் என்றால் ஸ்டைல்களை ஒழுங்காகப் பயன்படுத்திய வேர்டு கோப்பே போதும் என்று சொல்லியிருப்பேன். உங்களிடம் 6 மாடல், மூன்று மொழி. 6 மாடல்களுக்கும் நிறுவும் முறை, எர்த்திங், எச்சரிக்கைகள், உத்தரவாத விதிகள் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். மாறுவது ஹெட், டிஸ்சார்ஜ், ஆம்பியர், கெப்பாசிட்டர் அளவு, சில படங்கள். இதை 18 வேர்டு கோப்புகளாக வைத்துக் காப்பாற்ற முடியாது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஆஸ்கிடாக். சாதாரண உரைக் கோப்பு, நோட்பேடில்கூடத் திறக்கும். 2002-இல் தொடங்கிய எழுத்து முறை இது. அதைப் படித்து எச்டிஎம்எல் ஆக்கித் தரும் ஆஸ்கிடாக்டர் என்ற நிரல் இலவசம். ஜான் குரூபர் உருவாக்கிய மார்க்டவுன் என்ற இதே வகை எழுத்து முறை இதைவிடப் பிரபலம், கற்பதும் எளிது. ஆனால் ஒரு கோப்புக்குள் இன்னொரு கோப்பை இழுப்பதும், "இந்த மாடலாக இருந்தால் மட்டும் இந்தப் பத்தி" என்று நிபந்தனை போடுவதும் மார்க்டவுனில் இயல்பாகக் கிடையாது, ஏதாவது துணைக் கருவி வேண்டும். ஆஸ்கிடாக்கில் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. எர்த்திங் பற்றி ஒரு கோப்பு எழுதினால் 6 கையேடுகளும் அதையே இழுத்துக்கொள்ளும். அதோடு ஒவ்வொரு மாடலுக்கும் எண்கள் மட்டும் உள்ள ஒரு சிறு கோப்பு வைக்கலாம். ரிலே ஆம்பியர் அங்கே ஒரு பெயரோடு ஒருமுறை எழுதப்பட்டிருக்கும். உரையில் அந்த எண் வர வேண்டிய இடத்தில் நெளிவு அடைப்புக்குறிக்குள் பெயரை மட்டும் எழுதுவீர்கள். தமிழ்க் கோப்பும் இந்திக் கோப்பும் அதே பெயரைத்தான் பயன்படுத்தும். 9.5-ஐ 7.5 ஆக்கினால் எல்லா மொழியிலும், அச்சிலும் இணையத்திலும் அது மாறியாக வேண்டும். நான் சொன்ன அந்த மோட்டார் இப்படி இருந்திருந்தால் எரிந்திருக்காது.

இனி தமிழ். ஆங்கிலத்துக்குச் சரியாக வேலை செய்யும் கருவிகள் பல இங்கேதான் காலை வாரும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, பிறகு எகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் குறி முன்னால் வர வேண்டும். "கொ" என்றால் குறி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் பகுதி கருவிக்குள் இல்லையென்றால் கொம்பு பின்னால் போய் அடுத்த எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்கிடாக்டருக்கென்று நேரடியாகப் பிடிஎஃப் செய்யும் துணை நிரல் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் உள்ள பிரான் என்ற நூலகம் இந்த இடமாற்றத்தைச் செய்வதில்லை. ஆங்கிலத்துக்கு நல்ல கருவிதான், தமிழுக்கும் இந்திக்கும் அதைத் தொடாதீர்கள். முதலில் எச்டிஎம்எல் எடுத்து, அதை வீசிபிரிண்ட் என்ற இலவசக் கருவியால் பிடிஎஃப் ஆக்குங்கள். அது எழுத்தமைப்புக்கு ஹார்ஃப்பஸ் என்ற எஞ்சினைப் பயன்படுத்துகிறது, தமிழ் சரியாக வரும். பக்க எண், பொருளடக்கம், "பக்கம் 12 பார்க்க" போன்ற குறிப்புகளைத் தானே நிரப்புவது எல்லாம் சிஎஸ்எஸ் வழியாகவே கிடைக்கும். அட்டைக்கு இன்டிசைன் பயன்படுத்தினால் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம், தமிழ் உடைந்து வருகிறது என்ற புகார்களில் பல அந்த ஒரு தேர்வை விட்டதால் வருபவை. பக்கம் அடுக்கும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸை வைத்திருக்கும் நண்பர்கள் பழைய 1.4 பதிப்பை விட்டு 1.6-க்கு வரட்டும்.

எந்தக் கருவியானாலும் யார் சொல்லையும் நம்பாமல் ஒரு சோதனை வரி வைத்துப் பாருங்கள். நான் வைத்திருப்பது இது: "கொதிகலன், கோணம், சௌகரியம், தேய்மானம், பை, டீசல், மூடி, நூல், ஸ்ரீ, பக்ஷி, 230 வோல்ட்." இதைப் பிடிஎஃப் ஆக்கி மூன்று காரியம் செய்யுங்கள். முதலில் கண்ணால் பாருங்கள். அடுத்து அந்தப் பிடிஎஃபிலேயே "கொதிகலன்" என்று தேடுங்கள். கடைசியாக வரியைப் பிரதி எடுத்து வேறிடத்தில் ஒட்டுங்கள். பார்க்க அழகாக இருக்கும் பிடிஎஃப், ஒட்டும்போது "ெகாதிகலன்" என்று வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பிடிஎஃப் எழுத்து வடிவங்களைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருப்பதால் வரும் கோளாறு இது. தாளில் அச்சிட மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மெக்கானிக் செல்போனில் தேட வேண்டும் என்றால் பொறுக்க முடியாது. நான் செய்வது, தேடலுக்கு எச்டிஎம்எல் பக்கத்தை முதன்மையாக வைத்து, பிடிஎஃபை அச்சுக்கு மட்டும் கொடுப்பது.

அச்சகத்தில் இருக்கும் உங்கள் பழைய தமிழ்க் கோப்புகளை அப்படியே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள். அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்க வாய்ப்பு அதிகம், முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாமினியில் "தமிழ்" என்று திரையில் தெரிவது, கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். மாற்றும் நிரல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, வேலையும் செய்கின்றன. ஆனால் கையேட்டில் தமிழோடு ஆங்கிலமும் எண்களும் கலந்து இருக்கும். நிரலுக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. பாமினியில் காற்புள்ளியின் இடத்தில் இருப்பது "இ". மாற்றி முடித்ததும் 2,880 ஆர்பிஎம் என்பது "2இ880" ஆகிவிடும். வோல்ட்டைக் குறிக்கும் ஆங்கில வி "ஏ" ஆகிவிடும், 230-க்குப் பக்கத்தில் "ஏ" நிற்கும், படிப்பவர் அதை ஆம்பியர் என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு முறை இப்படி மாற்றிய 60 பக்கத்தை வரி வரியாகத் திருத்தினேன். அதற்குப் பிறகு பத்திகளை மட்டும் மாற்றி எடுத்துக்கொண்டு, அட்டவணைகளையும் எண்களையும் பொறியாளரின் மூலத் தாளைப் பார்த்துப் புதிதாகவே உள்ளிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அச்சகத்தோடு பேச வேண்டியவை இரண்டு மூன்று. எச்டிஎம்எல் வழியாக வரும் பிடிஎஃபில் கறுப்பு பொதுவாக ஆர்ஜிபி கறுப்பாக, அதாவது திரைக்கான வண்ணமுறையில், இருக்கும். அது அப்படியே நான்கு வண்ண அச்சுக்குப் போனால் சிறிய தமிழ் எழுத்துகளில் நான்கு மையும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராமல் விளிம்பு மங்கும். ஒரு வண்ணக் கையேடு என்றால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரலைக் கொண்டு சாம்பல் நிறத் தொகுப்புக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் 4-இன் மடங்கில் வர வேண்டும். கோரல்டிரா கோப்புதான் வேண்டும் என்று அச்சகத்தார் கேட்பார்கள். பிடிஎஃபை மட்டும் கொடுங்கள், திருத்தம் இருந்தால் தாளில் குறித்துத் தரச் சொல்லுங்கள், திருத்துவது உங்கள் மூலத்தில் நடக்கட்டும். இந்த இடத்தில் இளகிவிட்டால் மூன்றே மாதத்தில் பழைய நிலைக்குப் போய்விடுவீர்கள்.

இணையப் பக்கத்துக்குப் பெரிய வடிவமைப்பு வேண்டாம். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் குறிப்பிடுங்கள், திரைவாசிப்பான்கள் அதைப் பார்த்துத்தான் குரலைத் தேர்ந்தெடுக்கின்றன. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், அதன் உரிமம் இணையத்தில் வைக்கவும் பிடிஎஃபில் பதிக்கவும் அனுமதிக்கிறது. வரி இடைவெளியை எழுத்தளவைப் போல் 1.6 அல்லது 1.7 மடங்கு வையுங்கள். ஆங்கிலத்துக்குப் போதுமான 1.4-இல் "கீ"-இன் கொக்கியும் மேல்வரி "மூ"-வின் வாலும் முட்டிக்கொள்ளும். இரு பக்கமும் சமன் செய்யாதீர்கள். "பொருத்தப்பட்டிருக்கிறதா" போன்ற ஒரு சொல் செல்போன் திரையில் பாதி வரியை அடைத்துக்கொள்ளும், சமன் செய்தால் மீதி இரண்டு சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளம் விழும். அட்டவணைகளில் இதே நீளம் இன்னும் தொல்லை தரும், ஆங்கிலத்தில் 5 நெடுவரிசை உள்ள அட்டவணையைத் தமிழில் 3 நெடுவரிசையாகப் பிரித்து எழுதிவிடுவேன். ஒவ்வொரு தலைப்புக்கும் தனி முகவரி வைத்து, கன்ட்ரோல் பேனல் மூடியின் உள்பக்கம் ஒரு க்யூஆர் ஒட்டுங்கள். அது நேராக ரிலே செட்டிங் பகுதிக்குப் போகட்டும், முகப்புப் பக்கத்துக்குப் போக வேண்டாம்.

மொழிபெயர்ப்பில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு, இதில் பல நல்ல தமிழறிஞர்கள் என்னோடு உடன்பட மாட்டார்கள். மின்தேக்கி என்று எழுதினால் தமிழ் அழகாக இருக்கும், ஆனால் கடையில் போய் மின்தேக்கி கேட்கும் மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை. கெப்பாசிட்டர், பேரிங், ஸ்டார்ட்டர், சீல் என்று அவர்கள் சொல்வதையே எழுதுங்கள். வினைச்சொல்லைத் தமிழில் வையுங்கள்: "இறுக்குங்கள்", "கழற்றுங்கள்", "திருப்புங்கள்". ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று ஒரு பட்டியல் போட்டு, மூன்று மொழியிலும் அதை மீறாதீர்கள். ஒரு பக்கத்தில் மூடி, அடுத்த பக்கத்தில் கவர் என்று எழுதினால் படிப்பவர் அவை இரண்டு வேறு பாகம் என்றுதான் நினைப்பார். ஆங்கிலப் பத்தி மாறும்போது எந்தத் தமிழ்ப் பத்தி பழசாகிவிட்டது என்று காட்ட போ4ஏ என்ற கருவி இருக்கிறது, ஆஸ்கிடாக்கையும் அது படிக்கும். என் நிறுவனத்தில் தமிழ் அட்டவணையை யாரும் தொடாமல் விட்டதைப் போன்ற விபத்துகளைத் தடுப்பது இதுதான், ஆகவே "பிறகு பார்க்கலாம்" என்று இதைத் தள்ளிவைக்காதீர்கள்.

எல்லாக் கோப்புகளையும், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்துவைக்கும் கிட் என்ற கருவியில் வையுங்கள். நிரலாளர்களுக்கான கருவி என்று பயப்பட வேண்டாம், உங்களுக்குத் தேவை நான்கைந்து கட்டளைகள்தான், ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். எந்த எண்ணை யார், எந்தத் தேதியில், ஏன் மாற்றினார் என்று இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டாலும் பதில் இருக்கும்.

இதில் எனக்கு உறுதியானவை எவை, உங்கள் இடத்தில் சோதித்தே தீர வேண்டியவை எவை என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மூலம் ஒன்று, தோற்றம் வேறு, எழுத்து யூனிகோடு என்ற மூன்றிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆஸ்கிடாக் என்பது என் தேர்வு. உங்கள் அலுவலகத்தில் லேட்டெக் என்ற அச்சுக்கோப்பு முறை தெரிந்த ஒருவர் இருந்தால் அதன் வகைகளான ஸீலேட்டெக்கிலோ லுவாலேட்டெக்கிலோ தமிழ் அச்சு இன்னும் அழகாக வரும், இணையப் பக்கம் எடுப்பதில்தான் கூடுதல் உழைப்பு. இந்தி நான் பிழை பார்க்கக்கூடிய மொழி அல்ல. எழுத்தமைப்புக்கு மேலே சொன்ன வழியே போதும், ஆனால் அச்சுக்குப் போகுமுன் இந்தி வாசிக்கத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து, மோட்டார் பக்கத்தில் நின்று படிக்கச் சொல்லுங்கள். கையேட்டில் சட்டப்படி இருந்தே ஆக வேண்டிய விவரங்களை உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள், என் வார்த்தையை அதற்கு ஆதாரமாக்க வேண்டாம்.

6 மாடல்களையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். அதிகம் விற்கும் ஒன்றை எடுங்கள். அதில் நிறுவும் முறை, ரிலே செட்டிங், எண்கள் கோப்பு ஆகிய மூன்றை மட்டும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுங்கள், பத்துப் பக்கத்தைத் தாண்டாது. பிடிஎஃபை அச்சகத்துக்கு அனுப்பி ஒரு தாள் அச்சிட்டு வாங்குங்கள். எச்டிஎம்எல்லை உங்கள் சர்வீஸ் மெக்கானிக் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் சுட்டியாக அனுப்புங்கள். பிறகு எண்கள் கோப்பில் ஓர் ஆம்பியரை மாற்றி, மறுபடி ஓட்டி, நான்கு இடத்திலும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எங்காவது மாறவில்லை என்றாலோ அச்சகம் பிடிஎஃபைத் திருப்பி அனுப்பினாலோ, என்ன செய்தி வந்தது என்பதோடு இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.